சூடத்தில் வைத்த கை

"தாயே, எனக்குக் காவி குடுங்க."

வந்ததும் வராததுமாகக் காத்தமுத்து கேட்டது இதைத்தான். கும்பிடுகூடப் பிறகுதான் போட்டான்.

உண்ணாமலை அம்மை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் குரு, அவள்தான் வேலைக்காரி. வயதில் காத்தமுத்துவுக்கு மகள் மாதிரி. ஆனால் அவள் வாயைத் திறந்தால் கிழவர்களும் அடங்கிப்போவார்கள். யாராக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் பேசுவாள், திட்டும்போதும்.

"வீட்டில என்ன நடந்துச்சு?"

"பூவாயி போயிட்டா."

பெண்டாட்டி பெயரைச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சாவு எல்லா வீட்டுக்கும்தான் வருது. எல்லாரும் காவி கேக்கறதில்லையே."

"அவளைத் தண்ணிக்குள்ள போட்டுட்டேன், தாயே."

அம்மை துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சொன்னான். அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு இருந்தது ஒரே பாதை. ஊராட்சித் தலைவர் தனக்கோடி அதைத் தன் தென்னந்தோப்போடு சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டார். பாடையை வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள். இடுப்பளவு தண்ணீர். முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. பெற்ற பிள்ளைகள் கரையில் நின்று கத்த, பூவாயியைத் தண்ணீருக்குள் துழாவித் தூக்க வேண்டியதாயிற்று. பாவிகள்! செத்தவளுக்குக்கூட வழி விடாத பாவிகள்!

"நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லை, தாயே. சொன்ன சொல் தவறினதில்லை. எனக்கு ஏன் இப்படி?"

"என்ன சொல் சொன்னீங்க?"

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"போன தேர்தலுக்குத் தனக்கோடி தட்டோட வந்தார். வேட்டி, சேலை, நடுவில சூடம். எரியிற சூடத்தைக் கையால அணைச்சு, அவருக்குத்தான் ஓட்டுன்னு சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன்."

"நீங்க மட்டுமா?"

"நான் முதல்ல கை வச்சேன். காத்தமுத்துவே வச்சிட்டான்னு தெருவே வச்சிருச்சு."

"எதிர்த்து யாரும் நிக்கலையா?"

"நின்னா. எங்க தெருப் பொண்ணு, செல்லக்கிளி. சுடுகாட்டுப் பாதைக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு நடையா நடந்தவ. பாதையை ஊர் பேருக்கே எழுதி வாங்கித் தர்றேன்னுதான் ஓட்டுக் கேட்டா."

"அவளுக்குப் போட்டிருக்கலாமே."

"மனசு அவகிட்டத்தான் இருந்துச்சு. ஆனா சூடத்துல கை வச்சிட்டு எப்படி மாத்திப் போடறது? சாமி குத்தமாயிடாதா? பிள்ளைகுட்டிக்காரன் தாயே நான்."

"மறைப்புக்குள்ள தனியாத்தானே நின்னீங்க? யாரு பாக்கப் போறா?"

"சாமி பாக்குமே!"

"அடடா! வேட்டி வாங்கினப்ப கண்ணை மூடிக்கிட்டிருந்த சாமி, ஓட்டுப் போடறப்ப மட்டும் முழிச்சுக்கிச்சாக்கும்."

அம்மை அடுத்த துணியை எடுத்து நனைத்தாள்.

"சரி. வேலி போட்டப்புறம் என்ன பண்ணினீங்க?"

"செல்லக்கிளி மனு எழுதி எடுத்துக்கிட்டு வீடு வீடா வந்தா. நான் கையெழுத்துப் போடலை. 'உங்களுக்கு எதிராப் போகமாட்டோம்'னும் சேர்த்துத்தானே தனக்கோடி சத்தியம் வாங்கியிருந்தார்? நான் போடலைன்னு தெருவுல யாரும் போடலை."

கிணற்றைப் பார்த்தபடி மேலே சொன்னான்.

"பூவாயி மட்டும் போட்டா. எனக்குத் தெரியாம. அது தெரிஞ்சு, அவகூட முகம் கொடுத்துப் பேசாம இருந்தேன்."

அம்மை துணியை அலசத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப மறுபடி தேர்தல் வந்தாச்சு. நாளைக்குத் தட்டு வருதாம். கை வைக்கவும் பயமா இருக்கு, முடியாதுன்னு சொல்லவும் பயமா இருக்கு. அடுத்த வீட்டு அழகம்மா வேற இழுத்துக்கிட்டுக் கிடக்கா. இன்னொரு பாடையை அந்த வாய்க்காலுக்குள்ள தூக்க என்னால ஆகாது. காவியைக் குடுங்க. ஊரே வேண்டாம். இங்கயே ஒரு மூலையில கிடந்துக்கிறேன்."

அம்மை துவைத்த காவி வேட்டி ஒன்றைப் பிழியாமல் அப்படியே எடுத்து அவன் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

தண்ணீர் சொட்டி அவன் காலை நனைத்தது. வாய்க்காலிலிருந்து தூக்கியபோது பூவாயியின் சேலையும் இப்படித்தான் கனத்தது.

"கனக்குதா?"

"கனக்குது தாயே."

"பிழிஞ்சா கனம் போயிடும், கட்டிக்கலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. நீங்க சூடத்தை அணைச்சப்ப, தனக்கோடி என்ன சத்தியம் பண்ணினார்?"

இத்தனை நாளில் இதை அவன் நினைத்தே பார்த்ததில்லை.

"அவர் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்."

"எங்கயுமே பண்ணலையா?"

யோசித்தான். பண்ணியிருந்தார்.

"பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்குப் பண்ணினார். ஊராட்சி ஆபீஸ் வாசல்ல பந்தல் போட்டு, மைக் வச்சு. அரசமைப்புச் சட்டத்துக்கு உண்மையா நடப்பேன்னு ஆபீசர் சொல்லச் சொல்ல, இவரும் சொன்னார்."

"உங்க சத்தியத்தைச் சாமி பாத்துக்கிட்டிருந்துச்சு. அவர் சத்தியத்தை யாரு பாத்துக்கிட்டிருந்தா?"

காத்தமுத்து ஈரத்துணியோடு நின்றான். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. தனக்கோடி கொடுத்த வேட்டியைத்தான் கட்டியிருந்தான்.

"நாங்கதான், தாயே."

"பாத்துட்டு என்ன பண்ணினீங்க?"

"கை தட்டினோம்."

அம்மை அவன் கையிலிருந்த காவியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"கிளம்புங்க," என்றாள். "அழகம்மாவுக்கு இன்னும் மூச்சு இருக்கு."