மூங்கில் பூத்த மாதம்

பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர் விழா. தாவரவியல் துறையிலிருந்து அந்த வருடம் பாராட்டுப் பெறுகிறவன் அறவாழி. சிங்கப்பூரில் பெரிய விதை நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சித் தலைவன். உப்பேறிய வயலிலும் தலை சாயாமல் நிற்கும் நெல் ரகம் ஒன்று அவன் பெயரைச் சொல்லிப் பல நாடுகளில் விளைகிறது. தலை பாதி நரைத்துவிட்டது. பேரன் பிறந்துவிட்டான்.

"உங்களுக்கு என்ன ஏற்பாடு செய்யணும் சார்?" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள்.

"முன்வரிசையில ஒரு நாற்காலி போதும். கிரேஸ் மேடத்துக்கு."

கிரேஸ் செல்வமணி அவனுக்கு முதுகலையில் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அறவாழியே தொலைபேசியில் அழைத்தான்.

"மேடம், விழாவுக்கு நீங்க அவசியம் வரணும். கார் அனுப்புறேன்."

"சந்தோஷம்ப்பா. ஆனா இந்த மாசம் நான் எங்கேயும் நகர முடியாது. வேலை இருக்கு."

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடலாம் மேடம்."

"வேலை இருக்குப்பா" என்றார் மறுபடியும். அத்தோடு வைத்துவிட்டார்.

விழா நன்றாகத்தான் நடந்தது. துணைவேந்தர் பொன்னாடை போர்த்தினார். அவன் சாதித்ததையெல்லாம் ஒரு மாணவி கணீரென்று வாசித்தாள். கைதட்டல் அடங்க நேரமானது. அறவாழியின் கண் மட்டும் முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

படிக்கிற காலத்தில் அவனைப் பாராட்டாத ஆசிரியர் கிடையாது, கிரேஸ் மேடத்தைத் தவிர. தங்கப் பதக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்று திருப்பிக் கொடுத்தார். முனைவர் பட்டம் கிடைத்ததை நேரில் போய்ச் சொன்னான். அதற்கும் "சரி"தான். பிறகு அவன் எந்த மேடை ஏறினாலும், எந்தப் பத்திரிகையில் அவன் படம் வந்தாலும், மனதுக்குள் முதலில் அவரிடம்தான் போய்ச் சொல்வான். அவர் முகம் மலர்வதை நினைத்துப் பார்ப்பான். வாய் திறந்து அவர் என்ன சொல்வார் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் பிடிபடாது.

விருந்துக்கு நிற்காமல், தோளில் பொன்னாடையும் கையில் கேடயமுமாகக் காரில் ஏறினான்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். ஓடைக்கரையில், வீட்டைவிட உயரமான மூங்கில் புதருக்குக் கீழே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரேஸ் மேடம் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

மூங்கில் பூத்திருந்தது.

பச்சை என்று சொல்ல ஓர் இலை இல்லை. கணுவுக்குக் கணு, வைக்கோல் நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூ. காற்று அசைந்தால் பொடி உதிர்ந்தது. பூத்து விதை உதிர்த்ததும் அவ்வளவு பெரிய புதரும் அடியோடு காய்ந்து செத்துவிடும். அறவாழி அதைப் படித்திருக்கிறான். கண்ணால் பார்த்ததில்லை.

"மேடம்."

திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அறவாழியா! வா வா. சாப்பிட்டியா?"

"இதுதானா மேடம் அந்த வேலை?"

"ஆமா. இது ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும். இதை விட்டா எனக்கு இன்னொரு தடவை கிடையாது."

"எனக்கும் இன்னைக்கு ஒரு தடவைதான் மேடம்."

அவர் அவன் தோளில் கிடந்த பொன்னாடையை நீவி, சருகு ஒன்றை எடுத்துப் போட்டார். வீட்டுக்குள் கூப்பிடாமல், அங்கேயே ஒரு பாறையில் உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"யுனிவர்சிட்டித் தோட்டத்துல இருக்கிற மூங்கிலும் பூத்திருக்காமே. பார்த்தியா?"

"தோட்டத்துலயா? கவனிக்கலை மேடம்."

"எப்பவும் மேடை போடுவாங்களே, அதுக்குப் பின்னாலதான். இந்தப் புதர்லேருந்து வேரோட பேர்த்துக் கொண்டுபோய் நான் வெச்சது."

அறவாழி கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். சிங்கப்பூர், ஆய்வுக்கூடம், காப்புரிமை, அவன் நெல்லை விதைத்த வியட்நாம் கரையோரக் கிராமங்கள், அடுத்த ஆண்டு வரப்போகும் இன்னும் பெரிய பதவி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நெல் என்று வந்தபோது மட்டும் சற்று முன்னால் சாய்ந்தார்.

"உப்புத் தண்ணியில எப்படி நிக்குது? உப்பை வேர் உள்ளேயே விடுறதில்லையா? இல்ல, உள்ளே விட்டுட்டு இலையில எங்கேயாவது ஒதுக்கி வெச்சுக்குதா?"

அறவாழி வாயைத் திறந்தான். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் தயங்கினான்.

"அதை... ஒரு தனிக் குழு பார்க்குது மேடம். நான் நிர்வாகத்துக்குப் போய் வெகுநாளாச்சு. கேட்டுச் சொல்றேன்."

"சரி" என்று நிமிர்ந்துகொண்டார்.

அந்தச் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. கேடயத்தைப் பாறையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"இந்தச் 'சரி'யைக் கேட்கவா மேடம் நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"என்னப்பா ஆச்சு?"

"நல்லா பண்ணியிருக்கேன்னு ஒரு வார்த்தை. உங்க வாயிலேருந்து அது வரவே வராதா?"

"ஊரே சொல்லுதே அறவாழி."

"நீங்க சொல்லலையே."

கிரேஸ் மேடம் அவனையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மேடம். நான் தலைக்கனம் பிடிச்சவன்னு உங்களுக்கு நினைப்பு. அதை அடக்கத்தான் வாய்மொழித் தேர்வுல என்னை அப்படி நிக்க வெச்சீங்க."

"எப்படி நிக்க வெச்சேன்?"

"மத்தவங்க எல்லார்கிட்டயும் புத்தகத்துல இருக்கிறதைக் கேட்டீங்க. நான் உள்ளே வந்ததும் எந்தப் புத்தகத்துலயும் இல்லாததைக் கேட்டீங்க. 'ஒரே மூங்கிலைப் பிரிச்சு எங்கெங்கேயோ நட்டாலும் எல்லாம் ஒரே காலத்துல பூக்குது. மண்ணு வேற, மழை வேற, வெயில் வேற. வேளை வந்துட்டுதுன்னு அதுக்கு யார் சொல்றது?' இதுதான் கேள்வி. ஒரு எழுத்து மறக்கலை எனக்கு. வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர் சிரிச்சுட்டார். நான் வாயடைச்சு நின்னேன். 'யோசிச்சு வந்து சொல்லு'ன்னு அனுப்பிட்டீங்க."

மூச்சு வாங்கினான்.

"அன்னைக்கு ஓட ஆரம்பிச்சவன் மேடம். வாயடைச்சு நின்ன பையன் நான் இல்லன்னு உங்களுக்குக் காட்டணும். இத்தனையும் அதுக்குத்தான்."

காற்று எழுந்து, புதர் முழுக்க ஒருமுறை சலசலத்தது. இருவர் மேலும் பூம்பொடி விழுந்தது. கிரேஸ் மேடம் அதைத் தட்டிவிடவில்லை.

"யோசிச்சியா?" என்று கேட்டார்.

"எதை மேடம்?"

"அந்தக் கேள்வியை."

அறவாழி மறுபடியும் பாறையில் உட்கார்ந்தான்.

"இல்ல மேடம். என்னை மட்டம் தட்டக் கேட்டதுன்னு நினைச்சேன். அதை யோசிக்கவே இல்லை."

அவர் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கோபம் இல்லை. பேருந்து நிலையத்தில் வெகுநேரம் நின்றவர், கடைசி வண்டியும் போய்விட்டது என்று யாரோ சொல்லக் கேட்டால் அப்படித்தான் தலையசைப்பார்.

"விடை என்ன மேடம்? இப்பவாவது சொல்லுங்க."

"தெரியாதுப்பா."

"இத்தனை வருஷம் பார்த்துமா?"

"என் புத்திக்கு எட்டுன வரைக்கும் பார்த்துட்டேன். பிடிபடலை."

"அப்போ அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியாது. அதான் உன்கிட்ட கேட்டேன். பதக்கத்தோட வந்தியே, பட்டம் வாங்கிட்டு வந்தியே, ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கியோன்னு எழுந்து ஓடி வருவேன்."

அறவாழி அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தான்.