கரையாத துண்டு

பாளையங்கோட்டையில் எமல்டா என்று ஒரு மிஸ் இருந்தாள். வயது இருபத்துநான்கு. சென்னையில் ஒரு காபிக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நான்கு வருஷம் நின்றவள். ஊருக்குத் திரும்பிய பிறகு, கடையில் கிடைக்கும் பழக் குளிர்பானங்களை வீட்டிலேயே செய்ய, சனிக்கிழமைதோறும் தன் மாடிவீட்டுச் சமையலறையில் சொல்லிக்கொடுத்தாள்.

கற்றுக்கொள்ள வந்த பெண்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். அவள் அவர்களை அக்கா என்பாள். அவர்கள் அவளை மிஸ் என்பார்கள்.

அவர்களில் சுகிர்தா மட்டும் நோட்டுப் போட்டு எழுதுவாள். முப்பத்திரண்டு வயது. அவளுக்கு ஜோவிட்டா என்று ஒரே மகள். ஐந்து வயது நிறையப் போகிறவள். ரோஸ் நிறத்தில், மேலே ஐஸ் மிதக்கிற டிராகன் பழ பானம் ஒன்றைப் போனில் பார்த்துவிட்டு, அது வேண்டும், அதுதான் வேண்டும் என்று ஜோவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடை ஐஸ் எந்தத் தண்ணீரோ, அந்த நிறம் எந்த டப்பாவிலிருந்து வருகிறதோ என்று சுகிர்தா வாங்கிக் கொடுக்கவில்லை. வீட்டில் செய்தால் பயம் இல்லை என்றுதான் எமல்டாவிடம் வந்தாள்.

ஆனால் பயத்தையும் கூடவே கொண்டுவந்தாள். பழத்தை உப்புத் தண்ணீரில் கழுவினால் போதுமா, வெந்நீரில் முக்க வேண்டுமா என்று கேட்டாள். மிக்ஸி பிளேடு தேய்ந்தால் இரும்புத் தூள் பானத்தில் கலக்குமா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலா அக்கா, சுகிர்தா கேட்கிற கேள்விக்கு அந்தப் பழமே தோலைத் தானாக உரித்துப் போட்டுவிட்டு ஓடிவிடும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்துக்கொண்டே பதிலை எழுதிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை ஜோவியையும் அழைத்துவந்திருந்தாள். எமல்டா குழந்தைக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள். ஜோவி விதையைத் தரையில் துப்பினாள். சுகிர்தா அவளை அதட்டி, தரையைத் துடைத்து, கையைத் துடைத்து, வாயையும் துடைத்துவிட்டாள்.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டியிருக்கு மிஸ்," என்றாள் ஜோவி. "நாலு, துப்பக் கூடாது. கிருமி பரவும்."

"மொத்தம் எத்தனை இருக்கு?"

"பதினேழு. ஒன்பது, ஐஸைக் கடிக்கக் கூடாது. வாயில வச்சுக் கரைய விடணும். பத்து, கண்ணாடி டம்ளரைத் தொடக் கூடாது. எனக்கு சில்வர் டம்ளர்தான்."

எமல்டா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் சுகிர்தா நின்றாள். குழந்தை வெளியே போனால் பயம், வீட்டிலே இருந்தால் பயம், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பயம் என்று சொல்லிக்கொண்டே போனாள். பிறகு கேட்டாள்.

"நான் பயப்படுறதுல எது நிஜம், எது சும்மான்னு எப்படி மிஸ் தெரிஞ்சுக்கிறது?"

எமல்டா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் டிராகன் பழச் சிரப் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது.

"சிரப்பு ஆறட்டும்க்கா," என்றாள்.

சுகிர்தா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எமல்டா மிக்ஸி ஜாரைக் கழுவத் தொடங்கினாள். செய்முறையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, 'சிரப் ஆற வேண்டும்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோவியின் பிறந்தநாள். சாயங்காலம் நாலு மணிக்கு மிஸ் வந்து ருசி பார்க்க வேண்டும் என்று சுகிர்தா கேட்டிருந்தாள்.

ஐஸுக்கான தண்ணீரை அவள் இரண்டு முறை கொதிக்கவைத்து, ஆறவைத்து, உறையவைத்தாள். இரண்டு முறை கொதித்த தண்ணீரில் உறைந்த ஐஸ் அவ்வளவு தெளிவாக இருந்தது. பூப்போட்ட தட்டில் வைத்தால் ஐஸுக்கு அடியில் பூவின் காம்பு வரை தெரிந்தது. கடையில் செய்வதுபோல் கண்ணாடி ஜாடியைக் காலையிலேயே ஃபிரீசரில் வைத்துவிட்டாள். சிரப்பை முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சிரப் ஆயிற்றே, கெட்டிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. மூடித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் தோன்றிவிட்டது. திரும்ப அடுப்பில் ஏற்றினாள். அது கொதிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. மிஸ் வந்தாச்சு, மிஸ் வந்தாச்சு என்று ஜோவி குதித்தாள். சுகிர்தா ஃபிரீசரிலிருந்து ஜாடியை எடுத்து ஐஸைக் கொட்டினாள். மேலே சிரப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

டக் என்று ஒரு சத்தம். சூடு பட்டால் ஐஸ் அப்படித்தான் வெடிக்கும் என்று நினைத்தாள். தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கினாள்.

நிறம் அருமையாக வந்தது. தனக்கும் எமல்டாவுக்கும் கண்ணாடி டம்ளரிலும், ஜோவிக்கு அவள் பேர் வெட்டிய சில்வர் டம்ளரிலும் ஊற்றினாள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து குடித்தார்கள். எமல்டா பாதி டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நான் வேலை பார்த்த கடைக்காரன் இதைக் குடித்தால் கடையை மூடிவிட்டு உங்களிடம் வேலைக்கு வந்துவிடுவான் என்றாள். சுகிர்தாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஜோவிகூட அதிகம் பார்த்ததில்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள எமல்டா ஜாடியைத் தூக்கினாள். விளிம்பில் அவள் கட்டைவிரல் நின்றது.

அவள் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஜோவியின் டம்ளர்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"ஜோவிக்குட்டி, இதை மிஸ்ஸுக்குத் தாறியா?"

குழந்தை கொடுத்துவிட்டது. சுகிர்தா ஜாடியைப் பார்த்தாள். விளிம்பின் உள்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடி பிறைபோல் பெயர்ந்து போயிருந்தது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. குழந்தையின் தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து, தொண்டைக்குள் விரலை விடப் போனாள். எமல்டா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. உள்ள போயிருந்தா, திரும்பி வரும்போதும் கிழிக்கும்."

"விடுங்க மிஸ்."

"விட மாட்டேன். வலிக்குதான்னு முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க."

எமல்டாதான் கேட்டாள். வலிக்கவில்லை என்றாள் ஜோவி. எமல்டா போன் வெளிச்சத்தில் அவள் வாய்க்குள் பார்த்தாள். ரத்தம் இல்லை. ஆட்டோவுக்குப் போன் செய்தாள். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றான் ஆட்டோக்காரன்.

"எப்படியும் டாக்டர்கிட்ட போறோம். கண்ணாடி உள்ள போயிருக்கா இல்லையான்னு அவர் கேப்பாரு. அதுக்குள்ள தேடிருவோம்," என்றாள் எமல்டா. "நாலு தட்டு எடுங்க."

ஜாடியில் மிச்சமிருந்ததை ஒரு வடிகட்டியில் ஊற்றினாள். ரோஸ் நிறம் ஒழுகிப் போய் ஐஸ் மட்டும் நின்றது. அலசி, ஒரு தட்டில் கொட்டினாள். சுகிர்தாவின் டம்ளரிலிருந்ததை இரண்டாவது தட்டில், தன்னுடையதை மூன்றாவதில், ஜோவியுடையதை நான்காவதில். சின்னதும் பெரிதுமாக நாற்பது துண்டு இருக்கும். ஒவ்வொன்றும் தெளிவு. ஒவ்வொன்றுக்கும் அடியில் தட்டின் பூ தெரிந்தது.

சுகிர்தா குனிந்து பார்த்தாள். எல்லாம் கண்ணாடியாகத் தெரிந்தது. ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். விரல் விறைத்துப் போய், குளிர்ச்சி எது கூர்மை எது என்று புரியவில்லை.

"எதுன்னு தெரியல மிஸ். எது மிஸ்?"

"வெந்நீர் இருக்கா?"

அந்த வீட்டில் வெந்நீர் இல்லாத நேரம் கிடையாது. பிளாஸ்கைக் கொடுத்தாள்.

எமல்டா முதல் தட்டில் வெந்நீரை ஊற்றினாள். துண்டுகள் மெலிந்தன, உருண்டன, ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. தட்டில் தண்ணீரும் பூவும் மட்டும் இருந்தன. கை இரண்டாவது தட்டுக்குப் போனது. அதில் இருக்க வேண்டும், என் டம்ளரில்தான் இருக்க வேண்டும் என்று சுகிர்தா வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

நான்காவது ஜோவியின் தட்டு. எமல்டா பிளாஸ்கைச் சாய்க்கும் முன் சுகிர்தா அவள் கையைப் பிடித்தாள்.

"இதுலயும் இல்லன்னா?"

அந்தக் கை விலகும் வரை எமல்டா பொறுத்திருந்தாள். பிறகு ஊற்றினாள்.

ஆறு துண்டு இருந்தது. ஐந்து ஆனது. மூன்று ஆனது. கடைசியில் ஒன்று மட்டும் கரையாமல் கிடந்தது. பிறைபோல் வளைந்து, பூவின் இதழ்மேல்.

எமல்டா அதைத் துணியால் எடுத்து ஜாடியின் விளிம்பில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. ஊசிமுனை அளவுகூடக் குறையவில்லை. சுகிர்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோவி எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஐஸ்தான் மம்மி," என்றாள். "அது கரையவே இல்ல."

"எது கரையல?"

"அதுதான். வாயில வச்சிருந்தேன். நான் கடிக்கல மம்மி. ரொம்ப நேரம் வச்சுப் பார்த்தேன். கரையல. நீங்க மிஸ்கூடச் சிரிச்சுட்டு இருந்தீங்களா, அப்ப டம்ளர்லயே துப்பிட்டேன்."

சுகிர்தா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மம்மிகிட்ட ஏன் சொல்லல?"

ஜோவி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"நாலு," என்றாள்.

வாசலில் ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

கன்னத்தின் உள்பக்கம் லேசாக ஒரு கீறல், வேறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எதற்கும் இரண்டு நாள் கவனித்துக்கொள்ளச் சொன்னார். எரிந்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்றார். அவருக்கு எல்லாம் சாதாரணமாக இருந்தது. நர்ஸ் ஒரு காகிதக் கோப்பையில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள். சுகிர்தா கோப்பையை வாங்கி, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதில் ஒன்றை மகளின் வாயில் வைத்தாள்.

மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எமல்டாவும் அதே ஜாடியிலிருந்து குடித்தவள் என்பது அப்போதுதான் சுகிர்தாவின் நினைவுக்கு வந்தது.

"ஐஸைக் கடிக்கக் கூடாதுன்னு நான் எழுதினதுதான் இவளைக் காப்பாத்துச்சு," என்றாள் சுகிர்தா.

"ஆமாக்கா."

"துப்பக் கூடாதுன்னு எழுதினதும் நான்தான்."

எமல்டா ஜோவியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப எந்தப் பயம் நிஜம்? அன்னைக்கே கேட்டேனே மிஸ். சிரப்பு ஆறட்டும்னு சொன்னீங்க."

"ஆற விட்டியளாக்கா?"

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுக்கா. ஜோவிகிட்ட கேளுங்க," என்றாள் எமல்டா. "கண்ணாடி வாயில இருக்கும்போது அவ எதுக்குப் பயந்தாள்னு."

சுகிர்தா திரும்பினாள். ஜோவி ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா உள்ளங்கையைக் குவித்து மகளின் வாய்க்குக் கீழே நீட்டினாள்.