வழி கண்டுபிடித்தவருக்குத் தவிட்டுத் தண்ணி

தேரிக்காட்டுச் செம்மணலில் கழுதைச் சவாரி, திரும்பி வந்தால் சொர்ணக்கனி ஆக்கிய கருவாட்டுக் குழம்பும் சோறும். அதற்காகவே டவுனிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். கழுதைகளும் அவளுடையவைதான்.

ஓய்வுபெற்ற சர்வேயர் வைரவநாதர் முதல் கழுதையில் ஏறிக்கொண்டு, "எனக்குத் தெரியாத வழியா?" என்று கயிற்றை இஷ்டத்துக்கு இழுத்தார். மத்தியானக் காற்று தடத்தையெல்லாம் மூடிவிட்டது. கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்தது. கூடவே நடந்து வந்த சொர்ணக்கனிக்கே திசை பிடிபடவில்லை.

"கழுதையை அது போக்குல விடுங்கய்யா, வீடு போய்ச் சேந்துரும்" என்றாள்.

"ஒரு கழுதை என்னைக் கூட்டிட்டுப் போறதா? நான்தான் கூட்டிட்டுப் போவேன்!"

"சரிய்யா, நீங்களே கூட்டிட்டுப் போங்க. கயித்தை மட்டும் இழுக்காதீங்க. பெரிய மனுசருக்கு அது நல்லாவா இருக்கு?"

அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். கழுதை காதை ஆட்டிவிட்டு, வந்த பக்கமே திரும்பி நடந்தது. அரை மணி நேரத்தில் பனைகளுக்கு நடுவே அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

வைரவநாதர் இறங்கியதும், "பாத்தீங்களா? வழி கண்டுபிடிச்சது நான்!" என்றார்.

சொர்ணக்கனி தவிடு கரைத்த தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்கய்யா. வழி கண்டுபிடிச்சு வாரவுகளுக்குத்தான் தெனமும் இதை வைப்பேன்."