பல்லும் நகமுமாய்

ஓடைக்கரை மூங்கில் புதருக்கு அடியில், ஒரு கீரி தன் மூன்று குட்டிகளோடு வளையில் வாழ்ந்து வந்தது.

ஐப்பசி மாதம். அடைமழை. ஒரு நாள் காலை கீரி இரை தேடிப் போயிருந்தபோது பெரிய மருதமரம் ஒன்று சாய்ந்து வளையின் வாயை அடைத்துவிட்டது. கீரி ஓடி வந்து பார்த்தது. உள்ளே குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

அந்த வழியாக வந்த யானையிடம், மரத்தை நகர்த்தித் தரும்படி கீரி கேட்டது. யானை தும்பிக்கையால் கரையைத் தொட்டுப் பார்த்தது. மண் ஊறிப்போயிருக்கிறது, மரத்தை இழுத்தால் கரையே சரிந்து குட்டிகளை மூடிவிடும் என்று வருத்தத்தோடு சொன்னது. மேலிருந்து தோண்டவும் வழியில்லையாம். மூங்கில் வேர் அவ்வளவு கெட்டி.

கீரி புதருக்குள் புகுந்து தோண்டத் தொடங்கியது. மண்ணை நகத்தால் வாரியது. குறுக்கே வந்த வேரைப் பல்லால் கடித்து அறுத்தது. முதலில் ஒரு நகம் பிய்ந்தது. பிறகு இன்னொன்று. வாயெல்லாம் ரத்தம்.

"அம்மா, தண்ணி உள்ளே வருது" என்றது ஒரு குட்டி.

"மேட்டுப் பக்கம் ஏறி நில்லுங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

இதைக் கேட்ட யானைக்கு அங்கிருந்து போக மனம் வரவில்லை. ஓடையில் இறங்கியது. வளைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே அணைபோலப் படுத்துக்கொண்டது.

உச்சிப்பொழுதில் கடைசி வேரும் அறுந்தது. மூன்று குட்டிகளையும் கீரி ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே கொண்டுவந்தது. அதற்கு ஒரு கோரைப்பல் போயிருந்தது. நான்கு நகங்கள் இல்லை. ஆனாலும் தலை நிமிர்ந்து நொண்டி நொண்டி மேட்டில் ஏறியது.

யானை அதைக் காடெங்கும் பெருமையாகச் சொன்னது. "இத்தனை பெரிய தந்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கீரியைப் போல ஒருவர் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. பல்லும் நகமுமாய் நின்று ஜெயித்தாள்!"

அன்றுமுதல் அந்தக் காட்டில், யாராவது விடாமல் பாடுபட்டால் 'பல்லும் நகமுமாய் நிற்கிறார்' என்று சொல்லலானார்கள். மனிதர்களிலும், ஆங்கிலம் பேசுகிறவர்கள் முழு மூச்சாகப் போராடுவதை 'பல்லாலும் நகத்தாலும் போராடுவது' என்றுதான் சொல்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது சிறிதானாலும், அதில் எதையும் மிச்சம் வைக்காமல் போராடினால் வழி திறக்கும்.