நீர்க்காகங்கள் சிறகு விரித்த பாறை

மூடுபனி விலகாத ஓர் ஏரியில் வெள்ளைக் கொக்குகள் ஒரு பள்ளி நடத்தின. காற்றின் குணமும் நீரின் போக்கும் அங்கே பாடம். தேறியவர்கள் கடலையே கடக்கலாம். அங்கே நுழைவுப் போட்டியில் வென்று சேர்ந்தவன் அஞ்சனன் என்ற நீர்க்காகம்.

ஏரி முழுக்க வெள்ளை. மேகம் தரையிறங்கி மேய்வது போல இருக்கும். அதற்குள் அவன் ஒருவன் மட்டும் கறுப்பு.

காலைதோறும் காவல் கொக்கு மறிக்கும்.

"ஏய், நில்! உனக்கு இங்கே என்ன வேலை?"

"நான் இங்கே படிக்கிறேன்!"

"நீயா?"

மீன் ஒன்று காணாமல் போனால் எல்லாக் கழுத்துகளும் அவன் பக்கமே திரும்பும். சரியான பதில் சொன்னாலோ, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்பார்கள்.

நீர்க்காகம் முங்கி எழுந்தால் சிறகை விரித்துக் காயவைக்க வேண்டும். அப்படி அவன் நின்றபோது கொக்குகள் சிரித்தன.

"அதோ பார், கிழிந்த குடை காய்கிறது!"

அன்று முதல் அஞ்சனன் ஈரச் சிறகை மடக்கியே வைத்துக்கொண்டான். குளிர் எலும்பு வரை இறங்கியது. பாடம் மனதில் ஏறவில்லை. "இது நமக்கான இடமில்லை" என்று ஒரு விடியலில் கிளம்பிவிட்டான்.

கனத்த சிறகு எழும்பவில்லை. நீந்தியே போனான். நீர் எது, வானம் எது என்று தெரியாத வெண்பனி. நடு ஏரியில் ஒரு பாறை. அதனருகே ஒரு கறுப்பு உருவம் மிதந்தது. தன் நிழல் என்றே நினைத்தான்.

நிழல் தும்மியது!

"யாரப்பா நீ?" என்று பதறினான் அஞ்சனன்.

"என் பெயர் காரி. மேலைக் கரை வகுப்பில் படிக்கிறேன். இல்லை, படித்தேன். ஊருக்குப் போகிறேன்."

"நான் கீழைக் கரை. நானும் போகத்தான் கிளம்பினேன்!"

"இந்த ஏரியில் நான் ஒருவன்தான் என்று நினைத்தேனே!"

"நானும்தான்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காரியின் சிறகிலும் நீர் சொட்டியது.

"நீயும் காயவைப்பதில்லையா?" என்றான் அஞ்சனன்.

காரி தலை குனிந்தான். "சிரிக்கிறார்களே!"

"இப்போது யார் சிரிக்கிறார்கள்? ஏறு!"

பாறைமேல் ஏறி இருவரும் சிறகை அகல விரித்தார்கள். பனிக்குள்ளிருந்து வெயில் பால் போலக் கசிந்தது. எத்தனையோ நாள் குளிர் மெல்ல உருகியது. காரி கண்மூடிச் சொன்னான்: "நீ போகாவிட்டால் நானும் போகவில்லை."

காவல் கொக்கு பறந்து வந்தது. "இங்கே என்ன கூட்டம்? இறங்குங்கள்!"

அஞ்சனன் சிறகை மடக்கவில்லை. "நாங்கள் இந்தப் பள்ளி மாணவர்கள். காய்ந்ததும் வகுப்புக்கு வருவோம்!"

கொக்குகள் அதற்குப் பிறகும் சிரித்தன. ஆனால் உலர்ந்த சிறகுக்குப் பாடம் கனக்கவில்லை. காற்றுக் காலம் வந்தபோது இருவரும் தேர்வில் தேறினார்கள். கடல் நோக்கி உயர எழும்பினார்கள்.

கீழே, வெள்ளைக் கூட்டத்தின் ஓரத்தில், புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி ஒடுங்கி நின்றது.

"கடல் காத்திருக்குமா?" என்றான் காரி.

"காத்திருக்கும். இறங்கு!" என்றான் அஞ்சனன்.

தனியாக நிற்பவனுக்குத் திறமை வாசல் வரை துணை. உள்ளே நிலைத்து நிற்கத் தன்னை ஒத்த ஒரு தோழன் வேண்டும்.