சோலையில் குடியிருந்தோர்

மேகங்கள் தரையில் இறங்கி உறங்கும் மலையொன்றில், ஜமீன்தார் விசயரங்கர் தம் மாளிகைக்காகச் சோலை முழுவதையும் வெட்ட ஆணையிட்டார். மரத்தைத் தட்டி, அங்கே குடியிருப்போரைப் போகச் சொன்ன பிறகே கோடரி வைப்பது அவ்வூர் வழக்கம்.

“பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நீதானே? மாலைக்குள் எல்லாரையும் போகச் சொல். இல்லையேல் உன் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன்,” என்றார் ஆசிரியை மரகதவல்லியிடம்.

அவள் பிள்ளைகளோடு மூடுபனிக்குள் சென்றாள். கனவின் கதவைத் தட்டுவதுபோல் மரந்தோறும் மெல்லத் தட்டினார்கள். மாலையில் வெட்ட வந்தவர்களோடு ஊரே கூடியது.

“போகிறார்களா?”

“போகிறார்கள், ஐயா. இருவாட்சிப் பறவை அடுத்த மலைக்குப் போகிறதாம். மந்திகளும் சம்மதித்துவிட்டன.”

“பிறகென்ன தயக்கம்?”

“ஓடையும் அங்கேதான் குடியிருக்கிறது. அதுவும் மூட்டை கட்டிவிட்டது.”

ஊர் வயல்களும் ஜமீன் ஏரியும் அந்த ஓடையால் நிரம்புபவை. கோடரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ஓடையை மட்டும் இருக்கச் சொல்.”

“மரமில்லாத இடத்தில் அது குடித்தனம் செய்யாதாம், ஐயா.”

கோடரிக்காரர்கள் விடைபெறாமலே வயலை நோக்கி நடந்தார்கள். வெட்ட ஆளில்லாமல் நின்ற ஜமீன்தார் தொண்டையைச் செருமினார்.

“சரி, எல்லாரையும் இருக்கச் சொல்.”

“பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்களையுமா, ஐயா?”

“உங்களையுந்தான்,” என்றார் அவர், பனியைப் பார்த்தபடி.