கருவேலம்பட்டைக்கு விழுந்த சின்ன வட்டம்

ஏ, உக்காருங்கப்பா. தூணுக்குப் பின்னால குசுகுசுக்கிற ரெண்டு வாயையும் மூடுங்க. இது வாயைப் பத்தின கதை. தொறந்தே வச்சிருந்தா ஈ போயிரும்.

கயத்தாத்துச் சந்தையில இசக்கியம்மா கருவேலம்பட்டையத் தண்ணியில கொதிக்கவச்சு, வாய் கொப்பளிக்க வித்துக்கிட்டிருந்தா. எதிர்க்கடை துரப்பாண்டி. அவன் விக்கிறது கொய்யா இலைச் சாறு. மீசை ஒரு முழம், தொண்டை கல்யாண வீட்டு மைக் செட்டு.

"யக்கா விக்கிறது பட்டை கழுவின தண்ணி! அதுல பல்லுக் கிருமி நீச்சல் பழகும்!"

சனம் சிரிச்சுது. இசக்கியம்மாவுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ரெண்டு சாறையும் காலேசுல குடுத்துப் பாப்போம்ல. தோத்தேன்னா இந்தச் சந்தையில இனி கடை விரிக்கமாட்டேன்!" சொன்னபொறவுதான் யோசிச்சுப் பாத்தா. அந்தக் கடையை விட்டா வேற பொழப்பு இல்ல.

டவுன் காலேசு வாத்தியாரு மூக்காலதான் பேசுவாரு. "ம்ம்... பல்லுக் கிருமிய இந்த ஜெல்லித் தட்டுல தடவியாச்சு. குழி போட்டு உங்க சாற ஊத்துவோம். நாளைக்குக் கிருமி தட்டு பூரா மண்டிரும். சாறு கொன்ன எடம் மட்டும் வட்டமா வெறிச்சுனு தெரியும்."

துரப்பாண்டி பாட்டிலத் தொறந்தான். ஊசி போடுமுன்ன நர்சம்மா பஞ்சுல தடவுமே, அந்த வாசம் குப்புனு வந்துச்சு. ஒரு சொட்டு இசக்கியம்மா கையில பட்டுச்சு. சில்லுனு இருந்துச்சு, அடுத்த மூச்சுல காணோம்.

"என்னத்தடா கலந்த?"

"ஒளிவுமறைவே இல்லக்கா. இலைய ஸ்பிரிட்டுல ஊறவச்சேன். அப்பத்தான் சத்து எறங்கும்."

"ம்ம், அதுவும் முறைதான்"னாரு வாத்தியாரு.

கிளாஸ் கழுவுற ரெஜினா மூலையில நின்னா. "சார், வெறும்..."னு ஆரம்பிச்சா.

"கிளாஸ் கழுவ வந்தவளுக்கு வாய் எதுக்கு?" வாத்தியாரு அதட்டுனாரு. அவ மிச்சக் கிருமியையும் ஒரு தட்டையும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் தட்டப் பாத்தா, துரப்பாண்டி வட்டம் அஞ்சு ரூவாக் காசளவு. இசக்கியம்மா வட்டம் சட்டைப் பொத்தானளவு.

"யக்கா, கடை விரிக்கிற சாக்க மடிச்சிருங்க!"

இசக்கியம்மாவுக்கு ஊரே களவாணியாத் தெரிஞ்சுது. தட்ட மாத்திட்டானோ? வாத்தியாரும் இவனும் ஒறவோ? அளவுகோல வாங்கி அவளே அளந்தா. அளவு சரிதான். தட்டும் நேத்து வச்ச தட்டுதான்.

இப்பச் சொல்லுங்க. துரப்பாண்டி பொய் சொல்லல. வாத்தியாரு அளவுலயும் தப்பில்ல. ரெண்டு வட்டமும் நெசம். அப்ப கிருமியக் கொன்னது பட்டையா, இலையா? இதுல செயிச்சது யாரு?

சொல்லட்டுமா? ஊறவச்ச இலைய மட்டும் பாத்தீங்களே, அது ஊறின ஸ்பிரிட்டப் பாத்தீங்களா? ரெஜினா நேத்தே தானாப் போட்டு வச்சிருந்த இன்னொரு தட்டக் கொண்டாந்து மேசையில வச்சா. அதே கிருமி, ரெண்டு குழி. ஒண்ணுல வெறும் தண்ணி, வட்டமே இல்ல. இன்னொண்ணுல வெறும் ஸ்பிரிட்டு. அதே அஞ்சு ரூவாக் காசளவு! அப்ப அந்தப் பாட்டில்ல இலை பாத்த வேலைனு காட்ட நூலளவுகூட மிச்சமில்ல. பட்டையோட பொத்தான் வட்டம் மட்டும் பட்டையோட சொந்தச் சம்பாத்தியம். இசக்கியம்மாதான் செயிச்சா.

வாத்தியாரு மூக்கு செவந்துபோச்சு. "ம்ம்... இத நேத்தே சொல்லக்கூடாதா?"

ரெஜினா ஒரு கிளாஸத் தொடச்சுக்கிட்டே சொன்னா: "கழுவ வந்தவளுக்கு வாய் எதுக்கு சார்? தட்டே பேசட்டும்னு விட்டுட்டேன்."